பதினேழாவது ஸ்கெல்கார்த்

இங்கிலாந்து முழுக்கவே ஸ்கெல்கார்த் என்ற குடும்பப் பெயர் பதினேழு வீடுகளில்தான் இருந்தது. டைரக்டரியில் பதினாறை விசாரித்துக் கோடு போட்டு அடித்துவிட்டு, கடைசி எண்ணுக்கு போன் செய்தாள் வினிஃப்ரெட்.

“குடும்பப் பெயர் ஆராய்ச்சி பண்றேங்க. உங்க பேருக்குப் பூர்வீகம் எந்த ஊர்?”

ஆண்குரல் சிரித்தது. “நான் பிரயோஜனப்பட மாட்டேன் மேடம். இது எனக்கு ஒட்டவச்ச பேரு. ஆறு வாரக் குழந்தையா இருந்தப்பவே தத்துக் குடுத்துட்டாங்க.”

“பெத்தவங்களைத் தேடலையா?”

“வேண்டாம்னு விட்டவங்களை எதுக்குத் தேடணும்?”

அவள் குரல் இறங்கியது. “இப்ப நல்லா இருக்கீங்களா?”

“ஆராய்ச்சிக்கு இதெல்லாமா வேணும்?” என்று அவன் போனை வைத்துவிட்டான்.

பதினேழாவது பெயரை அவள் அடிக்கவில்லை. பத்தொன்பது வயதில் அவள் கையெழுத்துப் போட்ட தத்துப் பத்திரத்தில், அதிகாரி விரலால் மறைத்தும் கண்ணில் பட்டுவிட்ட குடும்பப் பெயர், ஸ்கெல்கார்த்.