ஆண் ஆமைக்கும் முட்டைப் புரதம்

ஜெனோவா கடலாமை மருத்துவமனையில் இரத்தம் எடுப்பவள். பெண் ஆமைக்குள் முட்டை உருவாகும்போது அதன் இரத்தத்தில் ஒரு புரதம் ஏறும். அதை அளந்துதான் தாய் ஆமைகளைக் கணக்கெடுப்பார்கள். அந்த வருஷம் ஆண் ஆமைகளுக்கும் அது ஏறியிருந்தது.

"சார், ஆலைக் கழிவு கலக்குற கடல் தண்ணியையும் சோதிக்கணும்," என்றாள்.

"தண்ணி சுத்தமா இருக்குன்னு ஏற்கெனவே எழுதியாச்சும்மா," என்றார் இயக்குநர் சந்தானகிருஷ்ணன். ஆண் ஆமைகளையும் தாய்மார் பட்டியலில் சேர்த்துவிட்டார். தாய் ஆமைகளை ஒரே ஆண்டில் இரட்டிப்பாக்கியதற்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அடுத்து, கடலில் இறங்கும் மனிதர்களுக்கும் பரிசோதனை வந்தது. ஜெனோவாவின் கணவன் மிக்கேல் சங்கு குளிப்பவன். அவன் இரத்தத்திலும் அதே புரதம். சுகாதார அலுவலகம் கருணையோடு நடந்துகொண்டது. அவன் பெயருக்குக் கர்ப்பிணி அட்டையும் சத்துமாவும் சமுதாய வளைகாப்புக்கு அழைப்பும் வீடு தேடி வந்தன.

மிக்கேல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது.

"அப்ப நான் அப்பா ஆக முடியாதா, ஜெனோ?"



மறுநாள் காலையில் ஜெனோவா ஒரு வாளி கடல் தண்ணீரைத் தூக்கிப்போய் இயக்குநரின் மேசைமேல் வைத்தாள்.

"சுத்தமான தண்ணிதானே சார்? கையை மட்டும் கொஞ்சம் நனைச்சுக் காட்டுங்க."

அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"என்னம்மா விளையாடுற? நான் புள்ளகுட்டிக்காரன்!"