பொத்தான் பதில்

விமானத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்ததும் சுஜனாவுக்கு மறுபடி அந்தச் சத்தம் கேட்டது. டிக், டிக். காதில் அடைத்துக்கொள்ளப் பணிப்பெண் நீட்டிய பஞ்சை அவள் வாங்கவில்லை. உள்ளே கேட்கும் சத்தத்துக்குப் பஞ்சு என்ன செய்யும்?

மூன்று மாதமாக இதே பாடுதான். அன்று சிம்தோல் மலை விமானதளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அவள் பணியில் இருந்தாள். மேகத்துக்குள் வந்துகொண்டிருந்த கேப்டன் பிர்க்க லிம்புவிடம், எதிரே ஒரு விமானம் ஏறி வருகிறது, முகட்டுக்கு அப்பாலேயே வட்டமிடுங்கள் என்றாள். பதிலாக வந்தது டிக், டிக். வாய் திறக்காமல் ரேடியோ பொத்தானை இருமுறை அமுக்கினால் 'சரி' என்று அர்த்தம். அந்த மலைகளில் பறப்பவர்களுக்கெல்லாம் அதுதான் பழக்கம்.

ஆனால் அவர் வட்டமிடவில்லை. இரண்டு விமானங்களும் இறக்கை உரசாத குறையாகக் கடந்தன. முப்பத்தாறு உயிர் பிழைத்தது பசுபதிநாதர் புண்ணியம்.

விசாரணையில் கேப்டன், அப்படி ஓர் உத்தரவே தன் காதில் விழவில்லை என்று சத்தியம் செய்தார். துணை விமானியும் அதையே சொன்னான். ஒலிப்பதிவுக் கருவியோ கெட்டுப்போய் வருஷமாகிறது.

"கேக்காத சேதிக்கு யாராவது சரின்னு சொல்லுவாங்களா?" என்று கேப்டன் கேட்டார். வேலை போனது, பொய்க்காரி என்ற பெயர் நின்றது. நாளாக ஆக அவளுக்கே தன் காதின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வேலை போனதைவிட அதுதான் பெரிய கொடுமை.

இன்று மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறாள். ஓட்டுவது அதே கேப்டன், பக்கத்தில் அதே துணை விமானி. அவள் ஏறும்போது கேப்டன் பரிவாகத்தான் பேசினார். "விடு தங்கச்சி. பயத்துல மனசுக்கு என்னென்னவோ கேக்கும்." அவளும் தலையாட்டினாள்.

இறங்கவேண்டிய ஊர் நெருங்கும்போது மேகம் மூடிக்கொண்டது. சின்ன விமானம், விமானிகளுக்கும் முதல் வரிசைக்கும் நடுவே கதவு கிடையாது. ஒலிபெருக்கியில் கோபுரத்தின் குரல் கரகரத்து, எஞ்சின் இரைச்சலில் கரைந்துபோனது. கேப்டனின் கட்டைவிரல் பொத்தானை இரண்டு முறை அமுக்கியதை சுஜனா பார்த்தாள்.

துணை விமானி அவர் பக்கம் சாய்ந்து கத்தினான். "என்னண்ணே சொன்னாங்க?"

"நீ கேட்டிருப்பேன்னு நெனச்சுத்தானே அமுக்கினேன்."