போன் காட்டின வீடு

"தங்கச்சி, வீட்டுக்கு முன்னால நிக்கிறன். கேட் பூட்டிக் கிடக்கு. ஆரையும் காணல்ல."

லொறிக்காரன் இப்படிச் சொன்னபோது றுகையாவும் வீட்டுக்கு முன்னால்தான் நின்றாள். சாய்ந்தமருதில், கேட்டை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு. லொறியும் இல்லை, அக்கரைப்பற்றில் சொல்லிச் செய்வித்த அலுமாரியும் இல்லை.

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

"மருதமுனையில. நீங்க அனுப்பின லொக்கேஷன்லதான்."

அவள் புருசன் இன்ஸாப் காலையில் போனை சார்ஜில் போட்டபடி மறந்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான். தன்னுடையதில் டேட்டா முடிந்ததால், அவன் போனில் 'வீடு' என்று கிடந்ததைத்தான் றுகையா லொறிக்காரனுக்கு அனுப்பினாள். அது கல்முனை, பாண்டிருப்பு எல்லாம் தாண்டிக் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

லொறியைத் திருப்பி வரவழைத்து அலுமாரியை இறக்குவதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஆனால் தொட்ட வேலையை முடிக்காமல் விடுகிற ஆளில்லை றுகையா. அபாயாவை மாட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறி நேரே கல்முனை பஸாருக்குப் போனாள்.

"தம்பி, இந்தப் போன் பொய் சொல்லுது. திருத்தித் தாங்க."

போன் கடை றமீஸ் லொக்கேஷனை அணைத்துப் போட்டான். பட்டரி சேமிப்பை நிறுத்தினான். பிறகு போனைப் பிடித்துக் காற்றில் எட்டுப் போட்டான்.

"என்ன, ஓதிப் பாக்கிறீங்களா?"

"திசைகாட்டியச் சரிப்படுத்துறன் ராத்தா. இஞ்ச பாருங்க, நீலப் புள்ளி. நாம நிக்கிற இடத்துலதான் நிக்கிது. போன்ல ஒரு பிழையும் இல்ல. 'வீடு' எண்டு மருதமுனைய ஆரோ போட்டு வச்சிரிக்காங்க."

ஆரோவாம்! வேற ஆரு?

றுகையாவுக்கு உச்சி சுட்டது. மருதமுனையில் இருப்பது மாமனார் முகைதீன்பாவாவின் வீடு. மாமி மவுத்தான பிறகு மனுசன் அங்கே தனியாகத்தான் இருக்கிறார். ஒரு பெண்பிள்ளை இருந்திருந்தால் ஊர் வழக்கப்படி மகளோடு போய் இருந்திருப்பார். அதுவும் இல்லை. இன்ஸாப் அவருக்கு ஒரே மகன். இந்தப் பக்கத்து ஆம்பிளைகள் எல்லாரையும் போல, கலியாணம் முடித்துப் பெண்சாதியின் சீதன வீட்டுக்கு வந்தவன். எட்டு வருசமாக றுகையாவின் வீட்டில்தான் தின்று, குடித்து, படுத்தெழும்புகிறான். ஆனால் அவன் மனசில் வீடு எது? பாருங்களேன் அநியாயத்தை!

"மாத்துங்க. சாய்ந்தமருதப் போடுங்க."

"ராத்தா, இதே கணக்கு இன்னொரு போன்லயும் கிடக்கு. இதுல மாத்தினா அதுலயும் மாறும்."

அது அவனுடைய பழைய போனாக இருக்கும். எந்த மேசை லாச்சிக்குள் கிடக்குதோ!

"மாறட்டும். ரெண்டும் ஒழுங்கா வேல செய்யட்டும்."

வீட்டுக்கு வந்து, அலுமாரியில் சாரிகளை அடுக்கியபடியே கேட்க வேண்டிய கேள்விகளையும் மனசுக்குள் அடுக்கினாள். 'நான் ஆக்கிப் போடுற சோறு எந்த வீட்டுச் சோறு?' என்று தொடங்குவதாக இருந்தாள். இன்றைக்கு இன்ஸாபை விடுவதில்லை.

பொழுதுபடுகிற நேரம், மஃரிப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் கேட்டடியில் சைக்கிள் மணி கேட்டது. வந்தது இன்ஸாப் இல்லை, முகைதீன்பாவா. தொப்பி நனைய வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். சட்டைப் பைக்குள் இருந்து ஒரு போன் கதைத்துக்கொண்டிருந்தது.

"அல்லாஹ்வே! மாமா, அந்த மெயின் ரோட்டால சைக்கிள்லயா வந்தீங்க?"

மனுசன் அவளை அந்நியரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"புள்ள, இது ஆர்ட வீடு? தொழுதுட்டுப் பள்ளியால வெளிக்கிட்டன். மகன் சொல்லித் தந்த மாதிரி, வீடு எண்டத அமத்தினன். வந்துட்டு எண்டு சொல்லுது. இது என்ட வீடு இல்லியே."

லாச்சிக்குள் கிடப்பதாக றுகையா நினைத்த பழைய போன் அதுதான். லொறியும் பஸ்ஸும் ஓடுகிற ரோட்டில் இந்த மனுசனை இவ்வளவு தூரம் வரவைத்தது யார்? அவளேதான். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இன்ஸாப் ஓடிவந்தான்.

"என்ட போன் எங்க? கெதியாத் தா! வாப்பாவக் காண..."

கதிரையில் இருந்த வாப்பாவைக் கண்டதும் அப்படியே வாசற்படியில் குந்திவிட்டான்.

றுகையா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவன் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"கொஞ்ச நாளா வாப்பாக்கு வழி மறக்குது. பின்னேரத்துல நான் போய்ப் பாக்கிறன். மத்த நேரத்துக்குத்தான் அந்தப் பழைய போன்ல வீட்டப் போட்டுக் குடுத்தன்."

"என்னட்ட ஏன் சொல்லல்ல?"

இன்ஸாப் நிலத்தைப் பார்த்தான்.

"இது உன்ட வாப்பா உனக்குக் கட்டித் தந்த வீடு. என்ட வாப்பாவையும் இஞ்ச கொண்டு வரட்டா எண்டு எந்த முகத்தோட கேக்கிற?"

அடுக்கி வைத்திருந்த கேள்விகளை நினைக்க றுகையாவுக்கு வெட்கமாக இருந்தது.

"சரி விடு. பழையபடி மருதமுனையையே போட்டு விடுறன்," என்று அவன் போனை எடுத்தான்.

றுகையா அதைப் பறித்துக்கொண்டு அலுமாரியைத் திறந்தாள். நடுத்தட்டில் இருந்த சாரிகளை எல்லாம் வாரிக் கட்டிலில் போட்டாள்.

"இந்தத் தட்டு மாமாக்கு. நீங்க போய் அவர்ட உடுப்பக் கொண்டாங்க. போன்ல கை வைக்க வேணாம், அது இண்டைக்குத்தான் சரியான வீட்டக் காட்டிரிக்கி."