சாணி போட்ட தரையில் உப்பு

"சாவியைக் குடுத்துட்டுப் போயிரு ஹனீப்பு. இனிமே இந்த வேலிக்குள்ள நீ கால் வைக்கக் கூடாது."

கணேசபாண்டியன் கையை நீட்டிக்கொண்டு நின்றார். சீத்தா கேம்ப் ஓரத்துத் துண்டு நிலத்தில் புல் வளர்த்து, செம்பூர்க் கோயில் வாசலில் பசுவைக் கட்டிவைத்து, அதற்குக் கொடுக்க வருகிறவர்களுக்குக் கட்டுக் கட்டாகப் புல் விற்பதுதான் அவர் குடும்பத்துப் பிழைப்பு. முட்டு வீங்கி அவர் படுத்துவிட்டதால் மருமகள் ஷாலினிதான் நிலத்தைப் பார்த்துக்கொண்டாள். தண்ணீர் பாய்ச்சியவர் பழைய சிநேகிதர் முகம்மது ஹனீப். வேலிக்கதவுச் சாவி ஷாலினி, ஹனீப் இருவரிடம் மட்டுமே இருந்தது.

நேற்று கோயில் வாசலிலேயே பசு மூச்சுத் திணறி விழுந்துவிட்டது. மாட்டு டாக்டர் ஊசி போட்டு உயிரைப் பிடித்து நிறுத்தினார். கோளாறு புல்லில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நான் என்ன செஞ்சேன் அண்ணாச்சி?"

"புல்லு நிறத்தைப் பாரு, கருகருன்னு நிக்கு. சாணி போட்ட தரைல உப்பையும் கொட்டுனா புல்லு அம்புட்டையும் குடிச்சு வச்சுக்கிடும். வெயிலும் கிடையாது, ஒரே மழை மூட்டம். அப்படியே மாட்டு வயித்துக்குள்ளதான் போவும். கடையநல்லூர்க்காரனுக்கு இது தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சவன் போடுவானா?"

"தெரிஞ்சவன்தான் போடுவான். உம்மவன் பால்மாட்டுத் தபேலாவுக்குப் புல்லு சப்ளை பண்ணப் போறானாமே? எம்மாடு செத்தா இந்த இடம் கைக்கு வந்துரும்னு பாத்தியளோ, அப்பனும் மவனும்?"

ஹனீப்பின் முகம் சுண்டிப்போனது. "ஒரே குழாய்ல தண்ணி பிடிச்சு வளந்த குடும்பம் ரெண்டும். வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க. மருமவளைக் கேட்டீங்களா?"

"கேக்காம விடுவேனா? நான் யாரையும் நம்புத ஆளு இல்ல. ஏட்டி ஷாலினி, இங்க வா!"

வாளி கழுவிக்கொண்டிருந்த ஷாலினி ஈரக்கையோடு வந்தாள். தாராவியில் பிறந்து வளர்ந்தவள். ஊரைக் கோயில் கொடைக்குப் போகும்போது பார்த்ததோடு சரி.

"நான் படுக்கையில கிடக்கும்போது என்ன சொன்னேன்?"

"சாணி போட்டாச்சு, அது மேல உப்பு போட்றாதன்னு சொன்னீங்க."

"போட்டியா?"

"ஒரு கல்லுகூடப் போடல மாமா. அம்மன் கசம்!"

"கேட்டுக்கிட்டியா ஹனீப்பு? எம்மருமவ அம்மன் பேரைச் சொல்லிப் பொய் சொல்ல மாட்டா. மிச்சம் நீதான்."

ஹனீப் இடுப்பு பெல்ட்டிலிருந்து சாவியை அவிழ்த்துக் கணேசபாண்டியனின் உள்ளங்கையில் வைத்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

"ஹனீப் சாச்சா பாவம் மாமா," என்றாள் ஷாலினி. "அவரு எதுக்கு உப்பைக் கொட்டப் போறாரு?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. உப்பு விழாம இந்தக் கறுப்பு எப்படி வரும்?"

ஷாலினிக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது.

"நான் பட்ட பாட்டுக்கு வராம இருக்குமா? நீங்க எழுந்து வந்து பாக்கும்போது புல்லு ஜோரா நிக்கணும்னு, நானே நர்சரியில இருந்து ஒரு மூட்டை யூரியா வாங்கிட்டு வந்து போட்டேன். நீங்க சொன்ன மாதிரி, உப்பு டப்பாவை மட்டும் இந்தப் பக்கமே கொண்டுவரல."

கணேசபாண்டியனின் ஊரில் யூரியாவை யாரும் யூரியா என்று சொல்வதில்லை. அங்கே அதற்குப் பேரே உப்புதான்.

சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வீங்கின முட்டோடு, அவர் சைக்கிள் போன திசையில் ஓடத் தொடங்கினார்.