சமையல்காரர் இல்லாத விண்கலம்

"படத்தை வெட்டும்போது உனக்குக் கை நடுங்காதாக்கா?" என்று தங்கை ஒருமுறை கேட்டிருக்கிறாள். இப்போது அந்த எடிட்டர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுகிறாள். ஓடிடியில் வந்த எட்டு மணி நேர விண்வெளித் தொடரை இரண்டரை மணி நேரத் திரைப்படமாகச் சுருக்கியதில், விண்கலத்தின் சமையல்காரர் ஒரு காட்சியில்கூட மிஞ்சவில்லை. அது தெரியாமல், டப்பிங் மேலாளர் தொடரின் பழைய பட்டியலில் இருந்த எல்லோரையும் படத்துக்குக் குரல் கொடுக்க அழைத்துவிட்டார். சமையல்காரராக நடித்தவர் வெந்நீர்க் குடுவையோடு வந்து நிற்கிறார். "என்னம்மா, பெரிய திரையிலயாவது என் தொப்பை அடங்குமா? பேரன்கிட்ட மொத நாளே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன்." எடிட்டிங் திரையின் நீல வெளிச்சம் அவர் மூக்குக்கண்ணாடியில் விழுகிறது. "ஐயா, படத்துல நீங்க... வெட்ட வேணாம்னு டைரக்டர்கிட்ட நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்யா." அவள் திரையை அவர் பக்கம் திருப்புகிறாள். திரையில் விண்கலம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. அவர் அதைப் பார்த்துவிட்டு, அவள் தோளை மெல்லத் தட்டி, குடுவையோடு வெளியேறுகிறார்.