முழந்தாளில் மாப்பிள்ளை

கரம்பொன் மாதா கோவிலில் மாப்பிள்ளை கிறிஸ்ரி பீடத்தின் முன் முழந்தாளில் நிற்கிறான். குடும்பம் இடம்பெயர்ந்திருந்த வருசமெல்லாம் அலுமாரிக்குள் கிடந்து அடி கழன்ற சப்பாத்தை, காலையில்தான் சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலூசனால் ஒட்டினார்கள். மடங்கிய கால்விரல்கள் மெல்ல மெல்ல இழுக்க, பசை நூல்நூலாக நீண்டு, யன்னல் வெயிலில் மினுங்கி, ஊரே பார்க்கச் சப்பாத்து வாய் திறக்கிறது. சுவாமியாரின் மன்றாட்டு முடிவதாயில்லை. “காலமை ஒட்டினாப்பிறகு வெடுக்கெண்டு இழுத்துப் பாத்தனான், விடேல்லையடா,” என்று பின்னால் நிற்கும் அண்ணன் மிரோஜன் கிசுகிசுக்கிறான். “வெடுக்கெண்டு இழுத்தா விடாதண்ணை. ஆறுதலா இழுத்தாத்தான் விடுது,” என்கிறான் கிறிஸ்ரி. முன்வாங்கில் ஒரு சிரிப்பு முளைக்கிறது. மணப்பெண் பிரேமினி கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிய கைகளில் ஒன்று மட்டும் இறங்கி, தன் நீண்ட வலைத்துணி முக்காட்டை அவன் சப்பாத்தின் மேல் இழுத்து விடுகிறது. “ஆடாம இரும்,” என்கிறாள். “எழும்பேக்க மட்டும் வெடுக்கெண்டு எழும்பும்.”