நாற்பத்திரண்டு அடி

"நாற்பத்திரண்டு அடி வேணும்மா. ஒரு சாண்கூடக் குறையக் கூடாது."

கம்பி வைத்த ஹோஸ் செய்யும் அந்தச் சின்னக் கம்பெனியில் டிசைன் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். அண்ணனுக்கு நுரையீரல் பழுது, வீட்டிலிருக்கும் ஆக்சிஜன் மெஷினை நகர்த்த முடியாது, சாதாரணக் குழாய் காலில் மிதிபட்டாலே காற்று நின்றுவிடுகிறது என்றார்.

மெஷினிலிருந்து குளியலறை எவ்வளவு தூரம் என்று கேட்டாள். பதினெட்டு அடியாம். வாசல் முப்பதாம்.

"அப்போ முப்பது போதுமே சார். நீளம் கூடக்கூட முனையில காற்று குறையும்."

"குறையாம செய்யத்தானே உங்ககிட்ட வந்தேன்."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் வேலை அவளைப் பிடித்துக்கொண்டது. கம்பி தடித்தால் ஹோஸ் வளைய மறுத்தது; மெலிந்தால் கதவிடுக்கில் நசுங்கியது. சுருளை நெருக்கிப் பார்த்தாள், கனத்தது. நோயாளி இழுத்துக்கொண்டு நடக்க வேண்டுமே. நான்காவது தடவைதான் சரியாக வந்தது. தரையில் போட்டு ஏறி நின்றாள். மறுமுனையில் காற்றின் அளவைக் காட்டும் முள் இறங்கவே இல்லை.

முழங்கால் வலி, தன்னால் வர முடியாது என்று அவர் விலாசத்தை மட்டும் எழுதிக் கொடுத்தார். அவளே போய் மாட்டினாள்.

அண்ணன் மெல்ல எழுந்து குளியலறை வரை போய்ப் பார்த்தார். அப்புறம் வாசல் வரை. பல மாதம் கழித்து முகத்தில் வெயில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் நின்ற மனைவி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காலடியில் இன்னும் பன்னிரண்டு அடி சுருண்டு கிடந்தது.

"தடுக்கி விழுந்துடுவீங்க சார், மிச்சத்தை வெட்டிடறேன். உங்க தம்பி அளவைத் தப்பா எடுத்துட்டார்."

மனைவி திகைத்துப் போனாள். "தம்பியா வந்தாரு? ரெண்டு பேருக்கும் பதினோரு வருஷமாப் பேச்சே இல்லையேம்மா."

அண்ணன் குனிந்து, மிச்ச ஹோஸைக் கையில் வாரிக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்தார்.

"வெட்டாதீங்கம்மா. அளவு சரிதான்," என்றார். "அந்தப் பக்கத்து வீட்டுக் கதவு அவனோடது. இங்க இருந்து அவன் கூடத்து நாற்காலிக்குப் பன்னிரண்டு அடிதான்."